பன்னிரண்டு ‘லாம்’களும் ஓர் ‘அரிது’ம்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மேலே பார்த்தால் ஒரு பாட்டுக்குப் பொருள். உங்கள் ஊரில் ஒரு பெரியவரின் பதினாறாம் நாள் காரியத்தில் ஓதுவார் ஒருவர் தாயுமானவரின் ‘கந்துக மதக்கரியை வசமா நடத்தலாம்’ என்ற பாடலைப் பாடினார். யானை, புலி, நெருப்புத் தேர் என்று பெரிய பெரிய வித்தைகளையெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று முடித்துவிட்டார். இதில் அப்படி என்ன தத்துவம் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. ‘எங்கப்பா கடலுக்குப் போறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு. காலையில வாடியில போய் உட்கார்ந்தா மதியச் சோத்துக்குத்தான் வர்றார். சும்மாவே இருக்காருன்னு அம்மா சத்தம் போடுறாங்க. இந்தப் பாட்டுப்படி பார்த்தா அப்பா செய்யிறது பெரிய விஷயமா?’ (வாடி என்பது கரையில் வலையும் மீனும் வைக்கிற கொட்டகை.) அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாட்டை ஒழுங்காகப் பார்த்துவிட்டு அங்கே வருகிறேன். பாட்டைத் தாண்டிக் குதித்து வந்தால் தப்பாகச் சொல்லிவிடுவேன்.

நான் தொண்டியிலிருந்து மண்டபம் வரை கடற்கரைப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் நடத்தியவன். இந்தப் பாடலை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். படுக்கையில் கிடந்த என் அப்பாவுக்கு மாதக்கணக்கில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். சொல்லை எங்கே பிரிக்க வேண்டும், பிரித்தால் என்ன பொருள் வரும், அதே புலவர் வேறு பாட்டில் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதிலெல்லாம் என் வார்த்தையை நீங்கள் நம்பலாம். யோகத்தைக் குருமுகமாகப் பயின்றவன் அல்லன். மனம் அடங்கிய நிலை உள்ளே எப்படி இருக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பாட்டு எதைச் சொல்கிறது என்பதோடு நின்றுகொள்வேன்.

பாடியவரைப் பற்றி உறுதியானதை முதலில் சொல்கிறேன். தாயுமானவர் திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அரசுப் பணியில் இருந்தவர். நாயக்கர் 1732இல் மறைந்தார். அதன்பின் அரசி மீனாட்சி பொறுப்பேற்றார். அப்போது அரண்மனையை விட்டு வெளியேறி நம்முடைய சேதுச் சீமைக்கு வந்து சேர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. தை விசாகத்தில் குருபூசை நடக்கிறது. வழிவழிச் செய்தியைத் தவிர மற்றதில் பிசகில்லை. இந்தப் பாட்டையே நம் கடலைப் பார்த்துக்கொண்டுதான் பாடினார், ‘சலமேல் நடக்கலாம்’ என்று வருகிறதே என்று இங்கே சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அப்படி இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் நீர்மேல் நடப்பது சித்தர் வித்தை என்றாலே வந்துவிடுகிற சங்கதி. காவிரிக் கரையில் நின்றும் அதைச் சொல்லலாம். பாட்டுக்குள் நம் கரைக்கென்று தனிச் சான்று எதுவும் இல்லை.

இப்போது சொற்கள். ‘கந்துக மதக்கரி’ என்ற தொடக்கத்தையே இரண்டு விதமாகப் படிக்கலாம். கந்துகம் என்றால் குதிரை என்று ஒரு பொருள் உண்டு. அப்படிக் கொண்டால் குதிரையையும் மதயானையையும் வசப்படுத்தி நடத்தலாம் என்று வரும். கந்து என்றால் யானையைக் கட்டும் தறி, உக என்றால் சிதறும்படி. ‘கந்து உக மதக்கரி’ என்று பிரித்தால் கட்டுத்தறி நொறுங்கத் திமிறும் மதயானை. இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நான் இரண்டாவதைத்தான் வகுப்பில் சொல்வேன், ஏனென்றால் பாட்டு முழுக்கக் கட்டுவது பற்றியது; முதல் சொல்லிலேயே ஒரு கட்டு அறுபடுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அது என் ருசி. குதிரை என்று யாராவது சொன்னால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அடுத்து, கரடி வாயையும் கொடும்புலி வாயையும் கட்டலாம். நம் பக்கத்தில் ‘வாய்க்கட்டு’ என்று மந்திரக்காரர்கள் சொல்வார்களே, அதுதான். சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம். ‘கட்செவி’ என்றால் பாம்பு, கண்ணையே காதாகக் கொண்டது என்ற பழைய நம்பிக்கையில் வந்த பெயர். அதை எடுத்து ஆட்டலாம்.

அதன்பின் வருவதுதான் நீங்கள் நெருப்புத் தேர் என்று எழுதிய இடம்: ‘வெந்தழலின் இரதம் வைத்து ஐந்து லோகத்தையும் வேதித்து விற்று உண்ணலாம்.’ இந்தத் தடுமாற்றத்துக்காக வருத்தப்படாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நானும் இதைத் ‘தேர்’ என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஒரு மாணவனின் தாத்தா, நாட்டு வைத்தியர், பேரனின் நோட்டைப் பார்த்துவிட்டு என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். திட்டவில்லை. ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து ஒரு பீங்கான் தட்டில் சாய்த்தார். வெள்ளி நிறத்தில் ஒரு துளி உருண்டது. தட்டை லேசாக அசைத்தார். துளி ஏழெட்டாக உடைந்து ஓடியது. இன்னொரு பக்கம் அசைத்தார். எல்லாம் திரும்ப ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. ‘இதுதான் சார் உங்க தேரு’ என்றார். ‘ரசம். பாட்டுல இரதம்னு எழுதுவாக. இதைத் தீயில வச்சா நிக்காது, பறந்துரும். தீயில நிக்க வைக்கிறதுக்குப் பேருதான் ரசத்தைக் கட்டுறது. அதைக் கட்டுனவன் செம்பைத் தங்கமாக்குவான்னு சொல்லுவாக. நான் கட்டுனதும் இல்ல, கட்டுனவனைப் பார்த்ததும் இல்ல.’ மறுநாள் வகுப்பில் நின்று நான் சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இன்றுவரை அந்தத் தட்டு கண்ணில் நிற்கிறது.

ஆக இரதம் என்பது பாதரசம். ஐந்து உலோகம் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். வேதித்தல் என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றுதல், ரசவாதம். இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை, ஏனென்றால் தாயுமானவரே இன்னொரு பாட்டில், ஆசைக்கு அளவில்லை என்று தொடங்குவதில், குபேரனைப் போலப் பொன் வைத்திருப்பவர்களும் ‘ரசவாத வித்தைக்கு அலைந்திடுவர்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறார். (பாதரசம் ஏறக்குறைய 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், சூடேற்றாமலே அதிலிருந்து ஆவி கிளம்பும், அந்த ஆவி நஞ்சு. பாட்டைக் கேட்டுவிட்டு யாரும் அடுப்பில் வைத்துப் பார்த்துவிட வேண்டாம்.) இந்த வரியில் நான் எப்போதும் நிற்கிற இடம் ‘விற்று உண்ணலாம்’. ஐந்து உலோகத்தையும் மாற்றிப் போடுகிற அவ்வளவு பெரிய வித்தையும் கடைசியில் எங்கே போய் முடிகிறது பாருங்கள்: விற்று, சாப்பிட. அந்த ஆசைப் பாட்டிலும் அதையேதான் சொல்கிறார், எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால் ‘பசிதீர உண்பதும் உறங்குவதும் ஆக முடியும்’ என்று. உங்கள் அப்பா வலையில் பட்டதை ஏலத்தில் விட்டுக் குடும்பத்துக்குச் சோறு போட்டாரே, ரசவாதிக்கும் முடிவு அதே சோறுதான். புலவர் யாரையும் இதில் கேலி செய்யவில்லை. ‘உண்ணலாம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து வித்தையைத் தரைக்கு இறக்கிக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

மீதியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். பிறர் கண்ணுக்குத் தெரியாமல் உலகத்தில் உலாவலாம், தேவர்களை ஏவல் கொள்ளலாம், ‘சந்ததமும்’, அதாவது எப்போதும், இளமையோடு இருக்கலாம், நீரின்மேல் நடக்கலாம், நெருப்பின்மேல் இருக்கலாம், தனக்கு நிகரில்லாத சித்திகளைப் பெறலாம். நடுவில் ஒன்றை மட்டும் தனியாக எடுக்கிறேன்: ‘மற்றொரு சரீரத்தினும் புகுதலாம்.’ வேறொருவர் உடம்புக்குள் உயிரைச் செலுத்துவது. இது ஏதோ ஊர்பேர் தெரியாத மந்திரவாதி வித்தை அன்று. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் என்பவன் இறந்துபோக, அழுது நின்ற மாடுகளுக்காக அவன் உடம்புக்குள் புகுந்தவர்தான் திருமூலர் என்பது சைவ மரபு. தாயுமானவர் தம் குருவை ‘மூலன் மரபில் வரு மௌன குருவே’ என்று பாடியிருக்கிறார். தம் குருவின் வழிக்கே முதல்வர் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு காரியத்தையும் இந்தப் பட்டியலில், பாம்பாட்டுவதற்கும் நீரில் நடப்பதற்கும் இடையில், சேர்த்துவிடுகிறார். அதையும் செய்துவிடலாம் என்கிறார். சித்திகளை மறுக்கிறவர் பாடிய பாட்டு இது என்று சிலர் விளக்குவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். மறுக்கவே இல்லை. எல்லாம் ஆகும் என்று ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறார்.

அந்த ஒப்புதலை எண்ணிப் பாருங்கள். நடத்தலாம், கட்டலாம், கொள்ளலாம், ஆட்டலாம், உண்ணலாம், உலாவலாம், கொளலாம், இருக்கலாம், புகுதலாம், நடக்கலாம், இருக்கலாம், பெறலாம். பன்னிரண்டு ‘லாம்’. பாட்டுக்கு நான்கு அடி. கந்துக, வெந்தழலின், சந்ததமும், சிந்தையை என்று எதுகை நான்கு அடியையும் பூட்டியிருக்கிறது. முதல் மூன்று அடியிலும் லாம், லாம், லாம் என்று அலை மாதிரி அடித்துக்கொண்டே வருகிறது. கேட்கிறவர்கள் தலையாட்டப் பழகிவிடுகிறோம். நான்காம் அடியும் அதே எதுகையில்தான் தொடங்குகிறது, ஆனால் அதில் ஒரு ‘லாம்’ கூடக் கிடையாது. ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது.’ மூன்று அடி ஓடிய ஓட்டம் ‘அரிது’ என்ற சொல்லில் மோதி நிற்கிறது. பிறகு ‘சத்தாகி என் சித்தமிசை குடிகொண்ட அறிவான தெய்வமே, தேசோமயானந்தமே’ என்று விளித்து முடிகிறது. தேசு என்றால் ஒளி. ஒளி மயமான ஆனந்தமே என்பது பொருள்.

நான் பல ஆண்டு இதை நடத்திய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பன்னிரண்டில் ‘இருக்கலாம்’ என்பது இரண்டு முறை வருகிறது. இளமையோடு இருக்கலாம், கனல்மேல் இருக்கலாம். மூன்றாவதாக நான்காம் அடியில் அதே ‘இரு’ திரும்ப வருகிறது: சும்மா இருக்கின்ற. முதல் இரண்டிலும் ‘இரு’வுக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது. எதோடு இருக்கிறான்? இளமையோடு. எதன்மேல் இருக்கிறான்? நெருப்பின்மேல். மூன்றாவதில் அந்த இடத்தில் ‘சும்மா’ உட்கார்ந்திருக்கிறது. எதோடும் இல்லை, எதன்மேலும் இல்லை. நாம் பேசுகிற தமிழில் ‘இரு’ என்ற வினை பெரும்பாலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வரும், கவலையாக இரு, வேலையில் இரு, வீட்டில் இரு என்று. பிடித்த பிடியை எல்லாம் விட்டுவிட்டு ‘இரு’ மட்டும் மிஞ்சினால் அதுதான் சும்மா இருத்தல். இப்படி ஒரு உரையாசிரியர் சொல்லி நான் படித்ததில்லை, இது நானாகப் பாட்டிலிருந்து எடுத்தது. அந்த அளவுக்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள்.

இன்னும் ஒரு சொல் ‘திறம்’. சும்மா இருக்கும் ‘நிலை’ அரிது என்று சொல்லியிருக்கலாம், யாப்பும் பெரிதாகக் கெட்டிருக்காது. திறம் என்கிறார். யானையை நடத்துவது ஒரு திறம் என்றால் இதுவும் ஒரு திறம். படகின் முன்பக்கம், அணியத்தில், நிற்பவனுக்கு ஒரு திறம் வேண்டும், வலை முடிகிறவருக்கு ஒரு திறம் வேண்டும் என்கிறோமே, அதே சொல். ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாக வந்துவிடுகிற ஒன்றை யாரும் திறம் என்று சொல்வதில்லை. உங்கள் கேள்விக்குப் பாட்டிலேயே கிடைக்கிற நேரான பதில் பாதி இந்தச் சொல்லில் இருக்கிறது. மீதிப் பாதி ‘சிந்தையை அடக்கியே’ என்பதில். அடக்கி என்பது வினையெச்சம். அடக்கின பிறகுதான் இருத்தல். நாம் மேற்கோள் காட்டும்போது ‘சும்மா இருப்பது அரிது’ என்று சுருக்கிவிடுகிறோம். முன்னால் இருக்கிற நிபந்தனையை உதிர்த்துவிட்டால் பாட்டு திண்ணையில் படுத்துக் கிடப்பவனுக்குச் சான்றிதழ் ஆகிவிடும்.

உண்மையான சர்ச்சை இங்கேதான் தொடங்குகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அடக்குவதும் ஒரு செயல்தானே? செயலில்லாமல் இருப்பதற்கு ஒரு செயல் செய்ய வேண்டும் என்றால் எப்படி? சைவ சித்தாந்தப் பக்கம் நின்று படிக்கிறவர்கள், உயிர் தன் முயற்சியால் இதைச் செய்துவிட முடியாது, அருள் முன்னால் வந்து நிற்கும்போது சிந்தை தானாக ஒடுங்கும், அதனால்தான் பாட்டு தெய்வத்தை அழைத்து முடிகிறது என்பார்கள். வேதாந்தப் பக்கம் நிற்பவர்கள், சிந்தை எங்கிருந்து எழுகிறது என்று பார்க்கப் பார்க்க அது அடங்கும், அடங்கியபோது மிஞ்சுவதுதான் ‘அறிவான தெய்வம்’ என்பார்கள். புலவரோ ‘வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை’ பெற்றவர்களைப் போற்றிப் பாடியவர். அவரை ஒரு பக்கத்துக்கு மட்டும் இழுத்துக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: அடங்க வேண்டியது சிந்தை, தெய்வம் குடியிருப்பது சித்தம், இரண்டும் ஒரே அடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே உள்ளே எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு மரக்கட்டையாகக் கிடப்பதைப் பாட்டு கேட்கவில்லை. எண்ணங்களின் இரைச்சல் குறைந்த வீட்டில் அறிவு விழித்தபடி குடியிருக்கிறது. அதற்குப் பெயர் ஆனந்தம்.

தொண்டியில் ஒருமுறை ஒரு பையன், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, ‘சார், இது உங்க கோயில் பாட்டா, நாங்களும் படிக்கலாமா?’ என்று கேட்டான். அவன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு, தாயுமானவருக்குப் பிந்திய சூஃபி ஞானி, தாயுமானவர் பராபரக்கண்ணியில் கையாண்ட இரண்டிரண்டு அடிக் கண்ணி வடிவத்தை எடுத்து, அதே ‘பராபரமே’ என்ற விளியோடு அல்லாவைப் பாடியிருக்கிறார் என்று சொன்னேன். மறுநாள் அவன் பெரியத்தா வீட்டிலிருந்து பழைய அச்சுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நம் கரையில் இந்தப் பேச்சு எல்லா வீட்டுக்கும் பொது.

‘சும்மா’ என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நாம் அதை எத்தனை விதமாகப் புழங்குகிறோம்! சும்மா கொடுத்தான் என்றால் காசில்லாமல். சும்மா வந்தேன் என்றால் காரணமில்லாமல். சும்மா சும்மா கேட்காதே என்றால் திரும்பத் திரும்ப. சும்மா சொன்னேன் என்றால் விளையாட்டுக்கு. சும்மா இருடா என்றால் வாயை மூடு, கையை வைத்துக்கொண்டிரு. எல்லாவற்றிலும் பொதுவாக ஓடுவது, கூடவே வழக்கமாக வரவேண்டிய ஒன்று இல்லாமல் இருப்பது: விலை இல்லை, காரணம் இல்லை, உள்ளர்த்தம் இல்லை. மீன்காரம்மா தலையில் கூடைக்கு அடியில் சுருட்டி வைக்கிற சும்மாட்டிலிருந்து சும்மா வந்தது, சுமை மேலே இருந்தாலும் அது அசையாமல் இருக்கிறதே என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். கேட்க இனிமையான உவமைதான். ஆனால் சும்மாடு சுமையோடு சேர்ந்த சொல். இரண்டையும் ஒரே வேரில் கட்ட நான் ஆதாரம் கண்டதில்லை. உவமையாக வைத்துக்கொள்ளலாம், சொல் வரலாறாக வேண்டாம். தத்துவப் பொருளில் இந்தச் சொல்லைத் தாயுமானவர் புதிதாக உண்டாக்கவும் இல்லை. அருணகிரிநாதர் அவருக்கு முன்பே ‘சும்மா இரு சொல் அற’ என்று முருகன் தமக்கு உரைத்ததாகக் கந்தரனுபூதியில் பாடிவிட்டார். அந்த அருணகிரியாரின் அருளை நாடி இருக்கும் நாள் எந்நாளோ என்று தாயுமானவர் ஏங்கிப் பாடியிருக்கிறார்.

அவர் எங்கே நின்று இதைச் சொல்கிறார் என்பதும் முக்கியம். எல்லாம் கைகூடிய ஒருவர் மேடையில் இருந்து நமக்குச் சொல்கிற தொனி இதில் கிடையாது. வேறொரு பாட்டில், சும்மா இருந்தால் சுகம் சுகம் என்று வேதமெல்லாம் ஓயாமல் சொல்லியும், அதைக் கேட்டும், ‘பெம்மான் மவுனி மொழியையும் தப்பி என் பேதைமையால் வெம்மாயக் காட்டில் அலைந்தேன்’ என்று அழுகிறார். குரு ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதைக் கூட நான் தவறவிட்டேன் என்கிற வேதனை. ‘அரிது’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த வேதனை இருக்கிறது. முடியாது என்றும் சொல்லவில்லை பாருங்கள், அரிது என்கிறார். முடியாத ஒன்றைத் தவறவிட்டதற்காக யாரும் அழுவதில்லை.

இனி உங்கள் அப்பா. அதற்கு முன் ஒரு ராத்திரி. எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கூட வேலை பார்த்த ஒருவரின் அப்பாவோடு வள்ளத்தில் போனேன், பெண் கடல் பக்கம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா அமைதியாகக் கிடப்பதால் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா இரைந்துகொண்டே இருப்பதால் ஆண் கடல் என்பது நம் வழக்கு, வாடைக்காற்று வந்துவிட்டால் பெண் கடலும் சீறும். அன்று கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. வலையை விட்டாயிற்று. பெரியவர் வலைக்கயிற்றைத் தொடையின் மேல் போட்டு அதன் மீது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. இன்னும் எவ்வளவு நேரம், இப்ப இழுக்கலாமா, அங்கே தெரியிற வெளிச்சம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் சொன்னார். அப்புறம் ‘வாத்தியாரே, செத்த சும்மா இருங்க’ என்றார். கோபமாக இல்லை. அதன்பின் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இருக்கும், அவர் பேசவில்லை, அசையவில்லை. தூங்கிவிட்டாரோ என்று முகத்தைப் பார்த்தேன், கண் திறந்திருந்தது. திடீரென்று ‘காத்து மாறுது’ என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கயிற்றை இழுக்கத் தொடங்கினார். பாதி வலை ஏறுவதற்குள் என் கழுத்தின் இன்னொரு பக்கத்தில் காற்றுப் பட்டது.

அவர் ஞானி என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கவனம் வலையில் இருந்தது, வலையில் மீன் இருந்தது, மீனில் வீட்டுச் செலவு இருந்தது; தாயுமானவர் சொல்கிற பிடியற்ற இருப்பு அது இல்லை. ஆனாலும் அடங்கிய ஒரு மனம் எவ்வளவு விழிப்பாக இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே இருந்த எனக்கு அந்தக் கடலில் ஒன்றுமே கேட்கவில்லை.

உங்கள் அப்பா வாடியில் உட்கார்ந்திருப்பது இந்த இரண்டில் எது, அல்லது இரண்டும் இல்லாத வேறொன்றா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உட்காரல்தான். பாட்டு பேசுவது உள்ளே நடப்பதை. ஆனால் நாற்பது ஆண்டு தினமும் கடலுக்குப் போன ஒரு மனிதரின் கையிலிருந்து வேலை நழுவிப் போனதை ‘சும்மா இருக்கார்’ என்று சொல்வதும் சரியில்லை, ‘தாயுமானவர் சொன்ன பெரிய நிலை’ என்று சொல்வதும் சரியில்லை. அம்மாவின் சத்தத்தையும் குறையாக எடுக்காதீர்கள். அவர் கேட்பது தத்துவம் இல்லை; வீட்டில் ஒரு ஆள் பேச்சுத் துணையில்லாமல் போனது அவருக்கு வலிக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். அப்பா சோறு குறைத்துச் சாப்பிடுகிறாரா, ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறதா, கூட்டாளிகள் வந்தாலும் பேசாமல் இருக்கிறாரா, முன்பு பிடித்திருந்தது எதிலும் இப்போது மனம் ஒட்டவில்லையா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது அடங்கிய சிந்தை இல்லை, உடைந்த மனம். மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். இந்தப் பாட்டைச் சொல்லி அதைத் தள்ளிப் போடக் கூடாது. என் அப்பா விஷயத்தில் நாங்கள் அப்படித் தள்ளிப் போட்டோம். அமைதியாகிவிட்டார், பக்குவம் வந்துவிட்டது என்று இரண்டு வருடம் எங்களுக்குள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அதன் பிறகு வந்த மாதங்களில்தான் நான் அவருக்கு இந்தப் பாட்டை வாசித்தது.

அப்படி எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டு, வருகிறவர் போகிறவரோடு இரண்டு வார்த்தை பேசி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒரு நாள் நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு அரைமணி நேரம். அது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். பிறகு இப்போது என்ன காற்று அடிக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வருகிற தை விசாகத்துக்கு முடிந்தால் அவரையும் அம்மாவையும் லட்சுமிபுரத்துக்கு அழைத்து வாருங்கள். இந்தப் பாட்டை அங்கே யாராவது பாடக் கேட்டால், மூன்று அடியும் லாம் லாம் என்று வேகமாக ஏறி வந்த பிறகு, ‘சிந்தையை’ என்று எடுப்பதற்கு முன்னால் பாடுகிறவர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள்.